வியாழனிடம் சொல்லு

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில், பாதியாக வெட்டிய வியாழன் கோள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஏரியில் வலை போட்ட இடத்துக்கு அடையாளமாக மிதக்கவிடுவார்களே, அந்தத் தெர்மாகோல் உருண்டைதான் அதற்கு மூலப்பொருள். வெளிப்புறம் காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்கும். வெட்டுமுகத்தில் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளிர் மஞ்சள், செம்மண் நிறம், சாம்பல் என்று அடுக்குகள். நட்டநடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அந்தக் கறுப்பு வட்டம் தவறு. அதன் ஓரம் பிளேடால் கீறினாற்போல் அத்தனை தெளிவாக இருக்கிறது. உண்மையான வியாழனுக்குள் அப்படி ஓர் ஓரமே இல்லை என்கிறார்கள். வீட்டுக்கு வரும் விவரமான நண்பர்கள் சிலர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். "ஆமாம், மாற்ற வேண்டும்" என்பேன். மாற்ற மாட்டேன். அந்தத் தவறுக்கு என் மாமனாரின் அனுமதி இருக்கிறது. திருத்துவதற்கு இல்லை.

மாமனார் கோட்டைக்குப்பத்துக்காரர். கடலோடு கலக்கும் அந்த உப்பேரியில் முறைவைத்து வலைகட்டும் உரிமைக்குப் பாடு என்று பெயர். அந்தப் பாட்டில் பங்குள்ள குடும்பம். இடுப்பு ஒத்துழைக்கும்வரை கழி ஊன்றி வலை கட்டினார். அது ஒத்துழைக்க மறுத்தபிறகு கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு நண்டு வாங்கினார். நான் அவரை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். கொடுக்கு கட்டிய ஒரு நண்டை மல்லாத்திப் பிடித்து, கடைசிக் காலுக்குப் பக்கத்தில் அடி ஓட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். ஒரு கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தார், அழுத்தினார், "தண்ணி" என்று சொல்லி இன்னொரு கூடையில் போட்டார். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிப்பார்களே, அந்தக் குரல்.

நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்கிறது. புது ஓடு பெரியது. அதை நிரப்பும் அளவுக்குச் சதை உடனே வந்துவிடுவதில்லை. அதுவரை உள்ளே தண்ணீர்தான். பார்வைக்கு மைனர் மாதிரி கம்பீரமாக இருக்கும். குழம்பில் போட்டால் ஒன்றும் தேறாது. இந்தத் தண்ணி நண்டுகளை மாமனார் திருப்பி அனுப்ப மாட்டார். கரையோரம் தண்ணீருக்குள் கட்டிய கூண்டில் விட்டுக் கழிவு மீன் போடுவார். "வெச்சிப் பாக்கலாம்" என்பார். சில வாரங்களில் சில நண்டுகள் நிறையும். சில நிறையாது. எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல அவர் ஒருநாளும் முயன்றதில்லை. அவருடைய தொழிலுக்கு ஒரே சட்டம்தான்: அமுக்காமல் சொல்லாதே. ஒருமுறை வியாபாரி ஒருவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் நல்ல சரக்கு என்றாராம். "உம் பொண்டாட்டி வெச்ச கொயம்பக்கூட மோந்து பாத்தே துன்னு முட்ச்சிடுவியா?" என்று கேட்டிருக்கிறார் மாமனார்.

நான் திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில், நெல் விளைவிக்கத் தெரியாமல் பிறந்தவன். ஆசிரியப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய ஒரே மகளைப் பொன்னேரி பஸ்ஸில் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொள்ளாததால் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும்போது என் பேனா எழுதவில்லை, அவளுடையதைத்தான் வாங்கினேன். செய்தி கொட்டகைக்குப் போன அன்று, மாமனார் செய்த காரியத்தை ஊரே நின்று பார்த்ததாகப் பிற்பாடு பலர் எனக்கு ஆர்வத்துடன் விவரித்திருக்கிறார்கள். நேராக ஏரிக்குள் முழங்கால் ஆழம் இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளி, "அவன் தண்ணி நண்டு. மேலுக்குத்தான் பேன்ட்டு சட்ட. உள்ள ஒண்ணும் கெடயாது. இனிமே என் வாயால அவங்கிட்ட ஒரு வார்த்த போச்சின்னா இந்த ஏரி எனக்கில்ல" என்று சொல்லியிருக்கிறார்.

ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சொன்ன சொல்லை அவர்கள் மீறுவதில்லை. மீறினால் சொன்னவருக்கு மட்டுமல்ல, அதே பாட்டில் பங்குள்ள அத்தனை பேருக்கும் வலை வெறுமையாக வரும் என்பது நம்பிக்கை. அதனால் இது ஒரு தனிமனிதரின் கோபமாக இல்லாமல் பொதுச்சொத்தாகிவிட்டது. இரண்டு வருடத்தில் கோபம் ஆறியது. அவரே ஆள் அனுப்பி எங்களை ஊர்த் திருவிழாவுக்கு வரச்சொன்னார். போனோம். சோறு போட்டார், தலைவாழை இலையில் இறால் தொக்கோடு. ஆனால் என்னிடம் பேசவில்லை. கோபத்துக்கு ஆறும் குணம் உண்டு. சத்தியத்துக்கு அது கிடையாது. ஊரில் என் பெயரும் அதற்குள் நிலைத்துவிட்டிருந்தது. "தண்ணி நண்டு மருமவன் வந்துகீறாரு" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

இப்படியாக, நாங்கள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, என் மனைவி வழியாகப் பேசிக்கொண்டோம். "அவருக்கு இன்னொரு கண்டம் மீன் வையி." "போதும்னு சொல்லு." "போதுமாம் நைனா." "இன்னா போதும், வைய்யி." சில நேரம் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கீது? நான் இன்னா டெலிபோன் கம்பியா?" என்பாள். நாங்கள் இருவரும் சேர்ந்து தலையைக் குனிந்துகொள்வோம். எங்களுக்குள் இருந்த முதல் ஒற்றுமை அதுதான்.

நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பம்பட்டில் வாடகை வீடு; காலையில் புறநகர் ரயில், மாலையில் புறநகர் ரயில், நடுவில் மற்றவர்களின் ஒற்றுப்பிழைகள். அந்தக் காலத்தில் பதிப்பகத்தார் கோள்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரு சிறு புத்தகம் போட நினைத்தார்கள். எழுத ஒப்புக்கொண்ட பேராசிரியர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டதால் வேலை என்னிடம் வந்தது. அந்தத் துறையில் எனக்கிருந்த ஒரே தகுதி, கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்பது. ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். அட்டைக்குப் படமெடுக்க வெட்டிய கோள் ஒன்றின் மாதிரி வேண்டும் என்றார்கள். செலவில்லாமல் செய்யச் சொன்னார்கள். எனவே என் மனைவி மாமனாரிடம் ஒரு மிதவை கேட்டாள்.

"எதுக்காம்?"

"வியாழன் செய்யப் போறாராம் நைனா. பாதியா அறுத்து, உள்ள இன்னா கீதுன்னு காட்டணுமாம்."

மாமனார் கொட்டகையில் நண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். "உள்ள இன்னா கீதுன்னு இவருக்கு எப்டித் தெரியுமாம்?" என்றார். "போயி அமுக்கிப் பாத்தாரா?"

உருண்டையைக் கொடுத்தார். அதை வெட்டி, கடையில் கிடைத்த எனாமல் பெயிண்டை அடித்தேன். தெர்மாகோலுக்கும் எனாமலுக்கும் ஆகாது என்பது அன்றுதான் தெரிந்தது. சூரியக் குடும்பத்தின் மிகப்பெரிய கோள் என் கண்ணெதிரே குழிந்து, சுருங்கி, சொதசொதவென்று உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டாவது உருண்டை வந்தது. கூடவே மகளிடம் சொல்லியனுப்பிய கேள்வியும்: "மொத கோளு கரஞ்சி பூட்ச்சாமே, அதுவும் தண்ணியா?"

ஆனால் அந்தக் கேள்வியோடு அவர் நிற்கவில்லை. அடுத்தமுறை போனபோது, சாப்பாடு முடிந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். ஒருத்தரும் போகாத இடத்தின் உள்பக்கம் எப்படித் தெரியும்? நான் சுவரைப் பார்த்துக்கொண்டு விளக்கினேன். நிலம் நடுங்கும்போது அதிர்வு பூமிக்குள் போய் மறுபக்கம் வருகிறது. கெட்டியான இடத்தில் ஒரு மாதிரி போகும், திரவத்தில் வேறு மாதிரி. அதை வைத்து உள்ளே இரும்பு உருகிக் கிடக்கிறது என்று சொல்கிறார்கள். செவ்வாயிலும் ஒரு கருவியை இறக்கி அதன் நடுக்கத்தைக் கேட்டார்கள். வியாழனைச் சுற்றும் கலத்தை அந்தக் கோள் எந்த இடத்தில் கூடுதலாக இழுக்கிறது, எங்கே குறைவாக இழுக்கிறது என்று பார்த்து உள்கனத்தைக் கணக்கிடுகிறார்கள். அவர் முழுவதையும் கேட்டார். "அப்ப தொடாமத்தான் அமுக்கறாங்க" என்றார் மகளிடம். ஒருவகையில் ஆமாம் என்று சுவரிடம் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு கோளாகக் கூடையில் போட ஆரம்பித்தார். புதன் சிறியது, ஆனால் ஓடு மெலிசு, உள்ளே பெரும்பகுதி இரும்பு என்றதும் முகம் மலர்ந்தது. "அது சத நண்டு. சின்னதா இருந்தாலும் ஏ ஒன் சரக்கு." சனி அத்தனை பெரியது, வளையமெல்லாம் போட்டிருக்கிறது, ஆனால் தண்ணீரைவிட லேசு என்றேன்.  அவர் என் பக்கம் திரும்பாமலே என் சட்டையைக் கவனிப்பதுபோல் தெரிந்தது. "தண்ணி" என்றார். என் மனைவி சிரிப்பை அடக்க எழுந்துபோய்விட்டாள். தூதர் இல்லாததால் பேச்சுவார்த்தை அன்று அத்துடன் முடிந்தது.

அவரை உண்மையாகவே தொந்தரவு செய்தது வியாழன்தான். அதற்குத் தரை கிடையாது என்பதை அவரால் ஏற்கமுடியவில்லை. மேலே மேகம், அதன்கீழ் வாயு, போகப்போக அழுத்தம் கூடி அந்த வாயுவே திரவமாகிறது, இன்னும் கீழே உலோகம்போல் ஆகிறது. கால்வைத்து நிற்க ஓர் இடம் கிடையாது. "அதெப்டி? தரையில்லாம ஒண்ணு எப்டி நிக்கும்? கழி எங்க ஊனுவாங்க?" என்று கேட்டார். ஏரி எத்தனை கலங்கினாலும் கழியை இறக்கினால் ஓர் இடத்தில் சேறு தட்டுப்படும். அதற்குக் கீழே கெட்டி தட்டுப்படும். அதை நம்பித்தான் வலை, வலையை நம்பித்தான் குடும்பம். அடியே இல்லாத ஒன்று அத்தனை காலமாக வானத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு ஒரு மோசடியாகப் பட்டது. நட்டநடுவில் பாறையும் இரும்புமாகக் கெட்டியாக ஒரு கரு இருக்கலாம் என்று நான் படித்திருந்த பழைய புத்தகத்தில் இருந்தது. சொன்னேன். "ஆங். அத்த ஒயுங்கா கறுப்பா போடச் சொல்லு" என்றார். போட்டேன். புத்தகமும் வந்தது. யாரும் அதைப் படித்ததாகத் தகவல் இல்லை.

அதன்பின் கொஞ்ச காலத்தில் பதிப்பகம் ஆட்களைக் குறைத்தது. பிழைகளை இனி கணினியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் அது என் கவலை இல்லை என்றாகிவிட்டது. நான் வீட்டிலிருந்தபடி கிடைத்ததை எழுதினேன். அதே வருடத்தில் மாமனாரின் காலில் ஒரு சிப்பி கீறியது. சர்க்கரை இருந்ததால் புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரில் கால் வைக்காமல் இருக்க அவரால் முடியாது என்பதால், கொட்டகையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு அனுப்பம்பட்டுக்கு எங்களோடு வந்துவிட்டார். என் மனைவி காலையில் பள்ளிக்குப் போனால் மாலைதான் வருவாள். பகல் முழுவதும் வீட்டில் நாங்கள் இருவர். தூதர் இல்லை.

முதல் சில நாட்கள் பெரும் அயர்ச்சி. அவருக்குத் தாகம் என்றால் டம்ளரைத் தரையில் தட்டுவார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். அது தண்ணீருக்காகத் தட்டியதல்ல, மின்விசிறிக்காக என்றால் இன்னொரு முறை தட்டுவார். நான் ஊகித்து ஊகித்து வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளாக முயன்று பார்ப்பேன். ஒருநாள் மதியம் டம்ளர் உடைந்துபோகும் அளவுக்குத் தட்டல் நடந்துகொண்டிருந்தது. நான் போர்வை, செய்தித்தாள், தலையணை எல்லாம் கொடுத்துத் தோற்றுப்போய் நின்றேன். மாமனார் பெருமூச்சு விட்டார். பார்வையை அலமாரியின் பக்கம் திருப்பினார்.

"யோவ் வியாழா" என்றார். "மூத்திரம் வருதுன்னு சொல்லு அவருகிட்ட."

நான் உருண்டையைப் பார்த்தேன். அது வெட்டுமுகத்தைக் காட்டிக்கொண்டு நடுநிலையாக இருந்தது. "சரி, மெதுவா எழுந்திரிக்கச் சொல்லு" என்றேன் அதனிடம். வியாழனிடம் பேசமாட்டேன் என்று அவர் சத்தியம் எதுவும் செய்திருக்கவில்லை.

அன்றிலிருந்து வீடு ஒரு நிலைக்கு வந்தது. காப்பியில் சர்க்கரை போட்டால் மகளுக்குத் தெரியவா போகிறது என்று வியாழனைக் கேட்பார். தெரியும் என்று சொல்லச் சொல்வேன். கட்டு மாற்றும்போது, "பேஜாரு, கொஞ்சம் மெல்ல பிரிக்கச் சொல்லு" என்பார். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவது என் வேலையாகிவிட்டிருந்தது. அதில் எனக்குத் திறமை கிடையாது, சகிப்புத்தன்மையும் குறைவு. மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் செய்வேன். வேறு யாரும் இல்லாததால் செய்தேன் என்பதைத் தவிர அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மாலையில் மனைவி வந்து இருவரையும் பார்ப்பாள். "இன்னிக்கி யாரு யாருகிட்ட பேசுனீங்க?" என்பாள். இருவரும் அலமாரியைக் காட்டுவோம்.

வேறு எதையோ எழுதத் தேடியபோதுதான் வியாழனின் கரு பற்றிய சங்கதி எனக்குத் தெரியவந்தது. உலகத்துக்கு முன்பே தெரியும். எனக்கு எல்லாமே தாமதம். அந்தக் கரு கெட்டியான உருண்டையாக இல்லையாம். பாறையும் உலோகமும் மற்றதோடு கரைந்து வெகுதூரம் பரவிக் கிடக்கிறதாம். எங்கே கரு முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று கோடு போடமுடியாதாம். வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு அலமாரியிடம் போய், விஷயத்தை அதன் வழியாகவே அவருக்குத் தெரிவித்தேன்.

 "தப்பா அமுக்கியிருப்பாங்கன்னு சொல்லு" என்றார்.

"நல்லாத்தான் பார்த்திருக்காங்களாம்னு சொல்லு."

"கறுப்ப அயிக்க வேணாம்னு சொல்லு. அத்த ஒண்ண நம்பித்தான் கெடக்கறேன்."

வண்ணப்பெட்டியை மூடினேன். விரல் போன காலோடு, ஏரியைவிட்டு ரயில்பாதை ஓரத்தில் கிடக்கும் மனிதரிடமிருந்து ஒரு தரையைப் பிடுங்க எனக்குத் தெம்பு இல்லை. அறிவியலுக்கு என்மேல் அந்தளவு உரிமையும் கிடையாது.

அவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது என்றால், என் முன்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். நண்டு பிடித்த பிடி. விட்டபிறகும் முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் பதிந்த இடம் சிவந்து கிடக்கும். தினமும் பலமுறை நடப்பதால் நான் அதைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். ஒருநாள் கட்டு மாற்றி முடித்து, எழ உதவக் கையை நீட்டினேன். பிடித்தார், ஆனால் எழவில்லை. கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் ஒருமுறை அழுந்தியது. கொஞ்சம் இடம் மாறி இன்னொருமுறை அழுந்தியது. பிறகு என் கையை விடாமல், தலையை மட்டும் அலமாரிப் பக்கம் திருப்பினார்.

"அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் வியாழனிடம். "அன்னிக்கி ஏரில நின்னு சொன்னன் இல்ல. அது அமுக்கிப் பாக்காம சொன்னது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூடையை எட்டிப் பார்த்துச் சரக்கு நல்லது என்ற வியாபாரியை அவர் என்ன கேட்டார் என்பது நினைவுக்கு வந்தது. தொழிலில் அவர் செய்த தவறு என்று யாரும் ஒன்றும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த ஒரு தவறை ஊரார் கண்முன்னே செய்திருக்கிறார். அதை இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் வைத்திருந்திருக்கிறார்.  உருக்கமான தருணங்களில் நான் எப்போதும் தவறான கேள்வியைத்தான் கேட்பேன்.

"இப்ப அமுக்கிப் பாத்தாச்சே, இன்னான்னு கேளு" என்றேன் உருண்டையிடம்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், மரியாதைக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கட்டைவிரல் இன்னொருமுறை அழுந்தியது.

"வெச்சிப் பாக்கலாம்னு சொல்லு" என்றார்.

சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோட்டைக்குப்பத்துக்குக் கொண்டுபோனோம். காரியம் முடிந்து கரையில் உட்கார்ந்திருந்தபோது, வலைப் பாட்டில் பங்குள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "கடசி வரைக்கும் உங்ககிட்ட பேசவே இல்லயே?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் முகத்தில் துக்கத்தோடு சின்னக் கவலையும் இருந்தது. "இல்லை" என்றேன். "ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை." அவர் தலையசைத்தார். "சொன்ன சொல்லு காப்பாத்திட்டாரு. நல்ல மனுசன்." அந்த வருடம் முகத்துவாரத்தை மணல் அடைத்து ஏரியில் இறால் சுமாராகத்தான் கிடைத்தது. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவ்வப்போது அலமாரியைப் பார்த்து உறுதிப்படுத்தியும் கொள்கிறேன்.

இப்போது பள்ளிகளுக்குப் போய்க் கோள்களைப் பற்றிப் பேச எப்போதாவது கூப்பிடுகிறார்கள். அதற்கென்று வேறு ஒரு உருண்டை வைத்திருக்கிறேன். அதில் நடுவே கறுப்பு இல்லை. சாம்பல் நிறம் கலங்கிக் கலங்கி வெளியே போகிறது, எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாதபடி. வெள்ளிக்குள் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், அந்தச் சூட்டில் எந்தக் கருவியும் நீடித்து நின்று கேட்கமுடிந்ததில்லை, சரியாக அமுக்கிப் பார்க்கும்வரை உறுதியாகச் சொல்லக் கூடாது என்கிறேன். ஆசிரியர்கள் இதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டிலிருக்கும் உருண்டை அப்படியே இருக்கிறது. தூசு தட்டுவதோடு சரி. என் முன்கையை நானே சில நேரம் அழுத்திப் பார்ப்பதுண்டு. கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கூண்டில் விட்டவர் வந்து எடுத்துப் பார்க்காமலே போய்விட்டார். எனவே சட்டப்படி நான் இன்னும் கூண்டில்தான் இருக்கிறேன், போட்டதைத் தின்றுகொண்டு.

நேற்று மாலை மனைவி பள்ளியிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பினாள்.

"அவர ஒரு காப்பி போடச் சொல்லு" என்றாள்.

எழுந்துபோனேன்.